மக்கும் பையில் உண்மையில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் அன்னதானத்துக்கு மூன்று வருடங்களுக்கு முன் புதுவகைப் பைகள் வாங்கினோம். பச்சை நிறம், இலைப் படம், "சோளத்தில் செய்தது, மக்கிவிடும்" என்ற வாசகம். விலை சாதாரணப் பையைவிட அதிகம். நல்ல காரியம்தானே என்று மனமுவந்து கொடுத்தோம். திருவிழா முடிந்ததும் வாடிய மாலைகளையும் சாப்பிட்ட வாழை இலைகளையும் அந்தப் பைகளில் அள்ளிக்கொண்டு போய், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் உரக்குழியில் கொட்டி, பைகளையும் சேர்த்தே போட்டேன். எட்டு மாதம் கழித்து மண்வெட்டியால் கிளறினால் மாலை இல்லை, இலை இல்லை. பை மட்டும் முழுசாக இருந்தது. இலைப் படம்கூட அழியவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள், இரவு பத்து மணிக்கு வாட்சாப்பில் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

பையில் சோளம், மரவள்ளி என்று போட்டிருக்கிறதே. உண்மையில் எதனால் ஆனது?

நல்ல தரமான மக்கும் பையையே எடுத்துக்கொள்வோம். போலியைப் பற்றிப் பிறகு பேசலாம். அதில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் கலந்திருக்கும்.

முதலாவது பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டர். இதுதான் பையின் உடம்பு. பல பைகளில் எடையில் பாதியோ அதற்கு மேலோ இதுவே இருக்கும். பியூட்டேன்டயால், அடிபிக் அமிலம், டெரிஃப்தாலிக் அமிலம் என்ற மூன்று வேதிப்பொருள்களைக் கோத்துச் செய்வது. அந்த மூன்றும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1998-இல் எக்கோஃப்ளெக்ஸ் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது சீனாவிலும் நிறையத் தயாராகிறது.

இரண்டாவது மாவுப்பொருள். சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, எது அந்த நாட்டில் மலிவோ அது. இத்தாலியின் நோவாமான்ட் நிறுவனம் செய்யும் மேட்டர்-பி என்ற பொருள் இந்த மாவும் பாலியெஸ்டரும் சேர்ந்த வகைக்குப் பெயர்போனது.

மூன்றாவது பி.எல்.ஏ., அதாவது பாலிலாக்டிக் அமிலம். இது தாவரச் சர்க்கரையிலிருந்து வருவது. சில பைகளில் மாவுக்குப் பதிலாக இது இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும்.

இவற்றோடு கொஞ்சம் கிளிசரின், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், கொஞ்சம் நிறம். அவ்வளவுதான். ஆக, "சோளப் பை" என்று கையில் கொடுப்பதில் சோளம் இருப்பது நிஜம். ஆனால் பையைப் பையாகத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த பொருள். இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மாவை மட்டும் வைத்துப் பை செய்ய முடியாதா?

சோறு வடித்த கஞ்சி பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். நகத்தால் உரித்தால் கண்ணாடி மாதிரி மெல்லிய ஏடாக வரும். அதுதான் மாவுப் படலம். மடித்தால் நொறுங்கும், தண்ணீர் பட்டால் குழையும். மாவுப் பையின் சங்கடம் முழுவதும் அந்த ஏட்டிலேயே இருக்கிறது.

மாவோடு கிளிசரின் சேர்த்துச் சூட்டில் பிசைந்தால் அது வளையத் தொடங்கும். இந்தக் கிளிசரின் நம் நாட்டுக்கு மிக நெருங்கிய சரக்கு. செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலை, சவர்க்காரத்துக்கும் பயோடீசலுக்கும் பிரிக்கும்போது கூடவே வருவது அது. ஆனால் கிளிசரின் சேர்த்தாலும் ஈரத்துக்கு மாவு தாங்காது. காலைச் சந்தையில் கெம்போங் மீன் அரைக் கிலோ வாங்கிப் போட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் அடி பிய்ந்துவிடும். அதனால்தான் தண்ணீருக்கு அசையாத, இழுத்தால் நீளுகிற பி.பி.ஏ.டி.யைச் சேர்க்கிறார்கள்.

வெந்நீரில் கரையும் மரவள்ளிப் பைகளும் உண்டு. பாலித் தீவில் ஒருவர் பையைக் கரைத்துக் குடித்தே காட்டினார். ஆனால் பையில் "மரவள்ளி" என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அந்த வகை என்று நம்பிவிடாதீர்கள். மரவள்ளி மாவைச் சாதாரண பாலிதீனோடு கலந்து செய்த பைகளும் அதே பெயரில் விற்கின்றன. அவற்றில் மாவு மக்கும். பாலிதீன் ஓட்டை ஓட்டையாக அப்படியே நிற்கும்.

பெட்ரோலியத்தில் வந்தது எப்படி மக்கும், அக்கா? மரத்திலிருந்து வந்ததுதானே மக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

பால்மரத்தைப் பாருங்கள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்று நட்டார்கள். அதன் பிறகு இந்த வட்டாரமே பால்மரக் காடானது. என் அம்மா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டிய பால் முழுக்க முழுக்க மரத்தில் சுரந்தது. அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூண்டில் காயப்போட்டு அனுப்பினார்கள். தொழிற்சாலையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியதும் டயர் ஆனது. லாரி டயரில் இன்றைக்கும் இயற்கை ரப்பர்தான் அதிகம். எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்படியொரு டயர் நான் பள்ளிக்குப் போன காலம் முழுக்கக் கிடந்தது. மழைத் தண்ணீரைத் தேக்கிக் கொசுவை வளர்த்தது. மக்கவே இல்லை. மரத்தில் பிறந்ததுதான், ஆனால் கந்தகம் போட்ட முடிச்சை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களால் எளிதில் அவிழ்க்க முடியவில்லை.

இப்போது செம்பனைக்கு வாருங்கள். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள்? அடிபட்ட பழத்தில் லைபேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கிவிடும். எண்ணெய்க்குள் இருக்கும் எஸ்டர் என்ற பிணைப்பைத் தண்ணீரின் துணையோடு அது வெட்டும். கொழுப்பு அமிலம் பிரிந்து எண்ணெயின் தரம் கெடும். இந்த எஸ்டர் பிணைப்புதான் பி.பி.ஏ.டி.யிலும் இருக்கிறது, பி.எல்.ஏ.விலும் இருக்கிறது. பாலியெஸ்டர் என்ற பெயருக்கே "பல எஸ்டர்கள்" என்றுதான் பொருள். எண்ணெயையும் கொழுப்பையும் தின்று பழகிய நுண்ணுயிர்களிடம் அதை வெட்டும் கத்தி ஏற்கெனவே இருக்கிறது. பாலிதீன் அப்படியில்லை. கரி, அதாவது கார்பன், அணுக்கள் நேராகக் கைகோத்த நீண்ட சங்கிலி அது. கத்தி வைக்க ஓர் இடுக்கு கிடையாது.

சூரிச் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பி.பி.ஏ.டி.யின் கரி அணுக்களுக்கு அடையாளம் வைத்து மண்ணில் போட்டார்கள். அந்த அடையாளக் கரி வெளிவந்த கரியமில வாயுவிலும் இருந்தது, மண் நுண்ணுயிர்களின் உடம்பிலும் இருந்தது. அதாவது அவை அதை உண்மையிலேயே தின்று உடம்பில் சேர்த்திருக்கின்றன.

தலைகீழ் உதாரணமும் உண்டு. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிதீன் செய்கிறது. முழுக்கக் கரும்பு. ஆனால் அது சாதாரண பாலிதீன்தான், மக்காது.

ஆகவே பையைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். எதிலிருந்து வந்தது? எப்படிக் கோக்கப்பட்டது? முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் கோயில் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

பையில் செடியின் பங்கு எவ்வளவு என்று அளக்க முடியுமா?

முடியும். செடிகள் காற்றிலிருந்து எடுக்கும் கரியில் கரி-14 என்ற கதிரியக்க அணு மிகக் கொஞ்சமாக இருக்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் நிலத்துக்கடியில் கிடந்த பெட்ரோலியத்தில் அது மிச்சமே இருக்காது. ஆக, பையின் ஒரு துண்டில் கரி-14 எவ்வளவு என்று பார்த்தால் செடிப் பங்கு எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடலாம். பழைய ஓலைச்சுவடியின் வயதைக் கணிக்கும் அதே முறை.

இத்தாலியில் காய்கறி போடும் மெல்லிய பைகள் மக்குவதோடு, செடிப் பங்கும் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். 2018-இல் 40 விழுக்காடு, 2020-இல் 50, 2021-இல் 60. நம் கடைகளிலும் பையில் அந்த எண்ணை அச்சிட்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பி.எல்.ஏ. என்பதைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

தயிர் புளிக்கிறதே, அந்தப் புளிப்புதான் லாக்டிக் அமிலம். பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா அதை உண்டாக்குகிறது. பாலுக்குப் பதில் சோளத்தின் சர்க்கரையையோ கரும்புச் சர்க்கரையையோ பெரிய தொட்டியில் போட்டு அதே மாதிரிப் புளிக்கவைத்து, அமிலத்தைப் பிரித்து, சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சோளத்திலிருந்து செய்கிறார்கள். நம் பக்கத்தில் தாய்லாந்தின் ராயோங்கில் கரும்பிலிருந்து செய்கிறார்கள்.

தனி பி.எல்.ஏ. விறைப்பாக இருக்கும், படபடவென்று சத்தம் போடும், சீக்கிரம் கிழியும். கண்ணாடி மாதிரித் தெளிவான குளிர்பானக் குவளைக்குப் பொருத்தம், பைக்கு அல்ல. சுமார் 60 டிகிரியில் இளகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கீழே கறிக் கேள்வியில் அது வரும்.

பாக்டீரியாவே பிளாஸ்டிக் செய்கிறது என்கிறார்களே?

ஆமாம், பி.எச்.ஏ. நாம் கொழுப்பைச் சேர்த்துவைப்பது போலச் சில பாக்டீரியாக்கள் தங்கள் உடம்புக்குள் இதைச் சேர்த்துவைக்கின்றன. 1926-இல் பிரான்சில் மோரிஸ் லெமுவான் கண்டறிந்தார். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் செம்பனை எண்ணெயையே பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போட்டு இதை எடுக்கும் ஆராய்ச்சி நடந்துவருகிறது. மண்ணிலும் கடலிலும் மக்கும் நல்ல பொருள். விலைதான் இன்னும் எட்டவில்லை.

சாப்பிடும் கிழங்கைப் பையாக்குவது பாவமில்லையா?

கோயிலில் ஒரு பெரியம்மா கேட்டது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிதான் சோறு என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அரிசி கிடைக்காமல் லயத்து ஓரமெல்லாம் மரவள்ளி நட்டு உயிரைப் பிடித்தவர்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கிழங்கை மீன் கட்டப் பயன்படுத்துவது மனதுக்கு ஒப்பவில்லை.

அவருக்கு நான் சொன்ன பதில் இது. உலகத்தில் விளையும் மாவுப்பொருளில் பைக்குப் போவது மிகச் சிறு பங்கு. அதனால் யார் வீட்டுச் சோறும் குறையவில்லை. ஆனால் கிழங்கை நட்டு, உரம் போட்டு, பிடுங்கி, மாவெடுத்து, பை செய்து, அதைக் கடையிலிருந்து வீடு வரைக்கும் பத்து நிமிடம் மட்டும் தூக்கிப் போட்டுவிட்டால், அது பெரியம்மா சொன்ன அர்த்தத்தில் பாவம்தான். அவரோடு நான் ஒத்துப்போகிறேன்.

"பயோடிகிரேடபிள்", "ஆக்சோ", "எக்கோ" என்று போட்ட பைகள்?

"எக்கோ" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. "பயோடிகிரேடபிள்" என்றால் என்றைக்காவது, எங்கேயாவது, நுண்ணுயிரால் சிதையும் என்று மட்டும்தான் பொருள். எத்தனை நாளில், எந்தச் சூட்டில் என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை.

மோசமானது ஆக்சோ வகை. சாதாரண பாலிதீனில் கோபால்ட், மாங்கனீசு, இரும்பு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். வெயிலில் கிடந்தால் உளுத்துத் தூளாகும். கண்ணுக்கு மறைந்துவிடுவதால் மக்கிவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்தத் தூள் அத்தனையும் பாலிதீன். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் இந்த வகையைத் தடை செய்துவிட்டது. ஒரு பெரிய பையைக் குனிந்து பொறுக்கலாம். தூளை யார் பொறுக்குவது?

வீட்டுக்குப் பின்னால் குழியில் போட்டால் மக்குமா?

பையில் என்ன முத்திரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான பைகளில் இருப்பது ஐரோப்பாவின் ஈ.என். 13432, அமெரிக்காவின் டி6400 மாதிரியான தரங்கள். இவை ஆலை அளவில் உரமாக்கும் இடத்துக்கானவை. சோதனை ஏறக்குறைய 58 டிகிரிச் சூட்டில் நடக்கிறது. 12 வாரத்துக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும். கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. அந்த உரத்தில் விதை போட்டு முளைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் நம் வீட்டுக் குழி 58 டிகிரிக்குப் போகாது. போனாலும் இரண்டு நாள் நிற்காது. அந்தச் சூடு நிற்பதற்கு ஆள் உயரக் குவியல் வேண்டும். சில செம்பனை ஆலைகளில் வெற்றுக்குலையையும் ஆலைக் கழிவுநீரையும் கலந்து நீளநீளமாகக் குவித்து உரமாக்குவார்கள். ஆவி பறக்கும், கை வைக்க முடியாது. அந்த மாதிரி இடத்துக்காகச் செய்த பை அது.

வீட்டுக் குழிக்கென்று தனி முத்திரை உண்டு. ஆஸ்திரியாவின் டி.யூ.வி. நிறுவனம் தரும் "ஓகே கம்போஸ்ட் ஹோம்", ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 5810. "ஓகே கம்போஸ்ட் ஹோம்" சோதனை 20 முதல் 30 டிகிரியில், ஒரு வருடத்துக்குள் மக்க வேண்டும் என்ற கணக்கில் நடக்கிறது. நம் ஊர் வெப்பம் வருடம் முழுக்க அதே அளவில் இருப்பதால், குளிர்நாட்டுக்காரர்களைவிட நமக்கு இது தோதானது.

ஆனாலும் முத்திரையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பிரிட்டனில் பொதுமக்களை வைத்தே லண்டன் யு.சி.எல். பல்கலைக்கழகம் நடத்திய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. வீட்டில் மக்கும் என்று சான்று பெற்ற பொருள்களில் 60 விழுக்காடு வீட்டுக் குழியில் முழுதாகச் சிதையவில்லை. என் அனுபவத்தில் பையைச் சிறு துண்டாக வெட்டி, ஈரம் காயாமல் பார்த்து, வாரம் ஒருமுறை கிளறினால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. முழுப் பையாகப் போட்டால் உள்ளே காற்று போகாது.

குப்பை லாரியில் போட்டால்?

குப்பைமேட்டில் புதையும். அங்கே காற்றும் இல்லை, சூடும் போதாது. பி.எல்.ஏ. ஏறக்குறைய அப்படியே கிடக்கும். மாவுப் பங்கு காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு. லாரிக்குத்தான் போகப் போகிறது என்றால் மக்கும் பைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஆற்றில் போனால் கரைந்துவிடுமா?

பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஐந்து வகைப் பைகளைக் கடல்நீரிலும் மண்ணிலும் திறந்த வெளியிலும் மூன்று வருடம் விட்டுப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. மக்கும் பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதத்துக்குப் பிறகும் இருந்தது, சாமான் தூக்கத்தான் வலுவில்லை. "பயோடிகிரேடபிள்" என்று போட்ட பையோ மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் சாமான் தாங்கியது. எதுவானாலும் ஆற்றில் போடாதீர்கள். மூன்று மாதம் என்பது ஓர் ஆமைக்கு நீண்ட காலம்.

வாங்கிய பை அசலா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. என்னிடம் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலில் தண்ணீர். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். பையிலிருந்து விரல்நகம் அளவு துண்டை வெட்டிப் போட்டு, கரண்டியால் அமுக்கிக் காற்றுக் குமிழியை விரட்டிவிட்டுக் கையை எடுங்கள். பாலிதீன் தண்ணீரைவிட இலேசானது, மேலே வரும். பி.பி.ஏ.டி., பி.எல்.ஏ., மாவு மூன்றுமே தண்ணீரைவிடக் கனமானவை, அடியில் தங்கும். ஆக, மிதந்தால் அது மக்கும் பை இல்லை. மூழ்கினால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புத் தூளை நிறையப் போட்ட பாலிதீனும் மூழ்கும். எங்கள் உரக்குழியில் கிடைத்த பையைக் கழுவி இப்படிப் போட்டேன். பொரிபோல மேலே வந்து நின்றது. அதற்குப் போய்க் கூடுதல் விலை கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது அயோடின். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்கில் விட்டு நீலமானதைப் பார்த்தோமே, அதேதான். வெட்டிய விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் மாவுள்ள பை கருநீலமாகலாம். மாவு இருக்கிறது என்று மட்டும் இது சொல்லும். மீதி என்ன என்று சொல்லாது.

மூன்றாவது எழுத்து. தர எண், சான்று கொடுத்த அமைப்பின் முத்திரை, சான்று எண், மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் சிரிம் என்ற தர நிறுவனம் சுற்றுச்சூழல் முத்திரை தருகிறது. கோலாலம்பூரில் 2017 செப்டம்பரில் சாதாரண பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது கடைக்காரர்கள் தேட வேண்டியிருந்ததும் அந்த முத்திரையைத்தான். இலைப் படமும் பச்சை நிறமும் சான்று ஆகாது.

கொளுத்திப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். புகையை மூக்கில் இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

சூடான கறி, தே தாரிக் (ஆற்றிய தேநீர்) இதில் கட்டிக் கொடுக்கலாமா?

கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பை இளகும், ஓரம் பிரியும். மக்கும் பை சாமான் தூக்கவும் சமையலறைக் கழிவு போடவும் செய்தது. தாபாவுக்கு, அதாவது சாப்பாடு கட்டி எடுத்துப்போக, வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்தில் நாசி லெமாக் விற்கும் அண்ணன், சட்டி கொண்டுவந்தால் சம்பலை ஒரு கரண்டி கூடவே வைப்பார்.

ஒரு பெட்டி வாங்கி ஸ்டோரில் வைத்தேன். இப்போது தொட்டாலே கிழிகிறது.

சூடும் ஈரமும் பட்டால் வைத்த இடத்திலேயே பை தளரும். மக்கும் பை என்றால் அப்படித்தான் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், ஒரு வருடத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள். பெட்டியில் தேதி இருக்கும்.

மறுசுழற்சித் தொட்டியில் போடலாமா?

வேண்டாம். பாலிதீனோடு கலந்தால் அந்த முழுச் சரக்கின் தரமும் கெடும்.

செம்பனை நர்சரியில் கறுப்புப் பாலிபேக்குக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாமே?

நர்சரியில் பாலிபேக்குக்கு மண் நிரப்பும் வேலை செய்த என் சித்தி கேட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பை நிரப்பினார், அவை நட்ட பிறகு எங்கே போயின என்று நினைத்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். சிக்கல் காலம்தான். கன்று பெரிய பையில் ஏறக்குறைய ஒரு வருடம் நிற்க வேண்டும். தினமும் தண்ணீர், எப்போதும் ஈர மண், மேலே வெயில். மக்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பாதிக் காலத்திலேயே அடி விட்டால் தூக்கும்போது வேர் அறுந்துபோகும். குறுகிய காலப் பயிருக்கு மண்மேல் விரிக்கும் மூடுபடலம் பி.பி.ஏ.டி.யில் வந்து நன்றாகவே வேலை செய்கிறது. அறுவடைக்குப் பிறகு உழுது மண்ணோடு விட்டுவிடலாம். செம்பனைக் கன்றுப் பைக்கு அந்தக் கணக்கு இன்னும் சரிவரவில்லை, சித்தி.

அப்படியானால் இந்தப் பையை எதற்குத்தான் வாங்குவது?

சமையலறைக் கழிவுக்கு. சோறு, எலும்பு, காய்கறித் தோல் எல்லாம் போட்ட பையை அவிழ்த்துக் கொட்டாமல் அப்படியே உரக் கூடத்துக்கு அனுப்ப முடிந்தால், அங்கே இந்தப் பைக்கு ஈடு இல்லை. இத்தாலியின் மிலான் நகரம் 2012 முதல் அப்படித்தான் வீட்டுக்கு வீடு உணவுக் கழிவை எடுக்கிறது. பையும் கழிவும் ஒரே இடத்துக்குப் போகின்றன. எடுத்துப் போக ஆளும், கொண்டு சேர்க்க இடமும் இருந்தால் பை தன் வேலையைச் செய்யும். நம் ஊரில் இப்போதைக்கு இரண்டும் இல்லை.

கோயிலில் இப்போது என்ன செய்கிறீர்கள், அக்கா?

பிரசாதம் வாழை இலையில் மடித்துக் கொடுக்கிறோம். வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் சம்படம் கொண்டுவர வேண்டும் என்று மூன்று மொழியில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது, இப்போது பிள்ளைகளே சம்படத்தை ஆட்டிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்நாட்டில் மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்ததைப் பார்த்து, நாங்களும் பழைய வேட்டித் துணியில் நூற்றைம்பது பை தைத்து வைத்திருக்கிறோம். மறந்து வருகிறவர்களுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுப்போம், பை திரும்பினால் வெள்ளியும் திரும்பும்.

மக்கும் பையை முழுதாக விட்டுவிடவில்லை. பூமாலையும் சமையல் கழிவும் அள்ளுவதற்கு மட்டும், வீட்டுக் குழி முத்திரை போட்ட வகையாக ஒரு கட்டு வாங்கியிருக்கிறோம். தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன், மூழ்கியது. துண்டாக வெட்டி, போட்ட தேதியை ஒரு மூங்கில் குச்சியில் எழுதிக் குழியில் நட்டுவைத்திருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் கிளறினேன், கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு மூன்று கிழிசல் கிடைத்தது, தொட்டதும் கையில் பிசுபிசுத்தது. தைப்பூசம் கழித்துத் திரும்பக் கிளறுவேன். பார்க்க வேண்டும் என்பவர்கள் காலை பூசைக்குப் பிறகு பின்பக்கம் வாருங்கள், மண்வெட்டி அங்கேயே இருக்கும்.